மங்கோலியர் வரலாறு 1368-ல் முடிந்துவிடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் மங்கோலியப் பேரரசு பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். செங்கிஸ் கானின் பிறப்பில் தொடங்கி, பாக்தாத் அழிந்ததைச் சொல்லி, 1368-ல் மங்கோலிய அரச குடும்பம் சீனாவை விட்டு வடக்கே ஓடியதோடு கட்டுரை நிற்கிறது. அதற்குப் பிறகு அவர்கள் வரலாற்றிலிருந்தே மறைந்துபோனார்கள் என்கிறது கடைசிப் பத்தி. அந்தப் பத்திக்காகத்தான் இந்தக் கடிதம். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அறுநூற்றைம்பது ஆண்டுகள் விடுபட்டிருக்கின்றன.

நான் வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர். வெளிநாட்டில் நடந்த கால்நடை நோய்ப் பயிற்சி ஒன்றில் மங்கோலியக் கால்நடை மருத்துவர் ஒருவரோடு ஒரே அறையில் தங்க நேர்ந்தது. அவரால்தான் இந்த வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். பின்னர் அவர் அழைப்பில் ஒரு கோடைக்காலத்தில் அந்த நாட்டுக்கும் போய்வந்தேன். அதனால் நான் சொல்வது புல், குதிரை, ஆடு என்ற பக்கமாகவே சாய்ந்திருக்கும். மங்கோலியர் விஷயத்தில் அந்தப் பக்கம் சாயாமல் எதுவும் பிடிபடாது என்பது என் உறுதியான எண்ணம்.

உங்கள் கட்டுரை சொன்ன காலத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். தெமுஜின் என்ற சிறுவனின் தந்தையைத் தாத்தார் என்ற பகைக் கூட்டத்தார் விஷம் வைத்துக் கொன்றார்கள். சொந்தக் கூட்டமே அந்தக் குடும்பத்தைக் கைவிட்டுப் போனது. தாய் ஹோவெலுன் கிழங்கும் காட்டுப் பழமும் தேடிப் பிள்ளைகளை வளர்த்தார். அந்தப் பையன்தான் 1206-ல் ஓனோன் ஆற்றங்கரையில் கூடிய பேரவையில் செங்கிஸ் கான் ஆனான். இதெல்லாம் கட்டுரையில் இருக்கிறது. அவன் மக்களைப் பத்து, நூறு, ஆயிரம், பத்தாயிரம் என்று பிரித்ததும் இருக்கிறது. அதைப் படைக்கான ஏற்பாடாக மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். ஒவ்வொரு ஆயிரவர் பிரிவுக்கும் மேய்ச்சல் நிலம் ஒதுக்கப்பட்டது. போர் இல்லாத நாளில் அந்த ஆயிரவர் மேய்ப்பர்கள்தான். படையும் மந்தையும் ஒன்றாகவே நகர்ந்தன.

கங்காய் மலைப்பகுதியில், பழைய எரிமலைக் குழம்பு இறுகிய பாறைப் பரப்பில், நூற்றாண்டுகளுக்கு முன் பட்டுப்போன சைபீரியப் பைன் மரங்கள் இன்னும் கிடக்கின்றன. அவற்றின் வளையங்களை அறிவியலாளர்கள் எண்ணிப் பார்த்து 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். 1180களிலும் 1190களிலும் கடும் வறட்சி. 1211 முதல் 1225 வரை இடைவிடாத நல்ல மழை. அந்தப் பதினைந்து ஆண்டுகளில்தான் மங்கோலியப் படை வட சீனாவுக்குள்ளும் நடு ஆசியாவுக்குள்ளும் பாய்ந்தது. மழை மட்டுமே பேரரசை உண்டாக்கியது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு வீரனும் மாற்றி மாற்றி ஏற மூன்று நான்கு குதிரைகளைக் கூட்டிப் போன படை அது. அத்தனை வாய்க்கும் புல் வேண்டும். வறட்சிக் காலத்தில் தங்களுக்குள் அடித்துக்கொண்ட கூட்டங்கள், புல் செழித்த காலத்தில் ஒரே தலைமையின் கீழ் வெளியே கிளம்ப முடிந்தது.

மங்கோலியக் குதிரையைப் பற்றி ஒரு வார்த்தை. நான் கவனித்த வெளிநாட்டுக் குதிரைகளோடு ஒப்பிட்டால் அது குள்ளம், தலை பெரிது, கால் குட்டை. பார்வைக்கு எடுப்பாக இருக்காது. ஆனால் தானியம் கேட்காது, லாயம் கேட்காது. பனி மூடிய தரையைக் குளம்பால் கிளறிப் புல்லைத் தேடித் தின்னும். ஐரோப்பாவின் கனத்த போர்க்குதிரைகளுக்குத் தீனி வண்டி பின்னாலேயே வர வேண்டும். இந்தக் குதிரைக்கு வேண்டியது திறந்த வெளி மட்டுமே. ரஷ்யாவின் நகரங்களைச் செங்கிஸ் கானின் பேரன் பாது கான் குளிர்காலத்தில் தாக்கினான் என்பதைப் படிக்கிறவர்கள் வியக்கிறார்கள். உறைந்த ஆறுகள் அவனுக்குச் சாலையாக இருந்தன. பனிக்கடியில் இருந்த புல்லை அவன் குதிரைகள் தாமே தேடிக்கொண்டன.

புல் எங்கே முடிந்ததோ அங்கே படையும் நின்றது. 1260-ல் ஐன் ஜாலூத் போரில் எகிப்தின் மம்லூக்குகள் மங்கோலியரைத் தோற்கடித்தார்கள். அந்தப் போருக்கு முன்பே, செங்கிஸ் கானின் இன்னொரு பேரனான ஹுலாகு தன் படையின் பெரும்பகுதியோடு சிரியாவை விட்டுப் பின்வாங்கியிருந்தான். பேரரசனாக இருந்த அண்ணன் மோங்கே இறந்த செய்தி ஒரு காரணம். தீனியும் புல்லும் தீர்ந்துபோனதை, இரண்டு ஆண்டுகள் கழித்து பிரான்ஸ் மன்னருக்கு எழுதிய கடிதத்தில் அவனே சொல்லியிருக்கிறான். சிரியாவின் கோடையில் அத்தனை குதிரைகளை வைத்துக் காப்பாற்ற எந்தக் கால்நடை மருத்துவராலும் முடியாது.

கொலைகளை மூடி மறைக்கச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1221-ல் மெர்விலும் நிஷாப்பூரிலும் நடந்ததும், 1258-ல் பாக்தாத்தில் நடந்ததும் மனித வரலாற்றின் மிகக் கொடிய பக்கங்கள். தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த பாசனக் கால்வாய்கள் பராமரிக்க ஆளில்லாமல் தூர்ந்துபோயின. அதைச் சொன்னதற்கு உங்கள் கட்டுரையாளரைப் பாராட்டுகிறேன். ஆனால் அதே மக்களிடம் இருந்த வேறு சிலவற்றையும் சொல்லியிருக்கலாம்.

செங்கிஸ் கானுக்குப் பின் வந்த ஒகெதேய், புல்வெளியில் ஒரு வரி போட்டான். நூறு ஆட்டுக்கு ஓர் ஆடு. அது அரண்மனைக்குப் போகாது, அதே பிரிவில் இருக்கும் ஏழைகளுக்கு. தண்ணீர் இல்லாததால் மேய்க்க முடியாமல் கிடந்த நிலங்களில் கிணறு வெட்ட ஆள் அனுப்பினான். தான் செய்த நல்ல காரியங்களில் ஒன்றாக அதை அவனே கருதியதாக மங்கோலியரின் பழைய அரசகுலக் குறிப்பு சொல்கிறது. வழிநெடுக மாற்றுக் குதிரைகளோடு அஞ்சல் நிலையங்களை முறைப்படுத்தியவனும் அவன்தான்.

இன்னொன்று. வட சீனாவைப் பிடித்த பிறகு, இந்த விவசாயிகளால் நமக்கு ஒரு பயனும் இல்லை, இவர்களை அப்புறப்படுத்திவிட்டு நிலத்தையெல்லாம் மேய்ச்சல் காடாக்கிவிடலாம் என்று மங்கோலியப் பிரபுக்கள் சிலர் யோசனை சொன்னார்கள். கித்தான் இனத்தைச் சேர்ந்த அமைச்சர் யேலு சூசாய் அதை எதிர்த்து ஒகெதேயிடம் ஒரு கணக்கை வைத்தார். மக்களை அவர்கள் தொழிலைச் செய்ய விட்டால், ஆண்டுக்கு 5 லட்சம் அலகு வெள்ளி, 80,000 கட்டுப் பட்டு, 4 லட்சம் மூட்டை தானியம் வரியாக வரும் என்றார். சொன்னபடி வந்தது. கோடிக்கணக்கானவர்கள் பிழைத்தது ஒரு வரிக்கணக்கால். மங்கோலிய வரலாற்றில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் இதுதான். போர்களைவிட இந்த உரையாடல் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

காரகோரம் என்ற தலைநகரமும் கட்டுரையில் ஒரு வரியில் முடிந்துவிட்டது. (இதே பெயருள்ள மலைத்தொடர் வேறு.) 1254-ல் அங்கே போன பிரான்சிஸ்கன் துறவி ரூப்ரக் வில்லியம், பள்ளிவாசல், கிறித்தவக் கோயில், பௌத்தக் கோயில் எல்லாவற்றையும் அந்தச் சிறிய ஊருக்குள்ளேயே பார்த்திருக்கிறார். எல்லா மதத்தாரையும் உட்காரவைத்து மோங்கே கான் விவாதம் நடத்தியதும் அங்கேதான். மோங்கே, குப்லாய், ஹுலாகு, அரிக் போகே ஆகிய நான்கு பேரையும் வளர்த்த சோர்காக்தானி ஒரு நெஸ்தோரியக் கிறித்தவர். அவரைப் பற்றி ஒரு சொல்கூடக் கட்டுரையில் இல்லை. ஆனாலும் இந்தச் சகிப்புக்கும் எல்லை இருந்தது. மங்கோலியர் ஆட்டை அறுக்கும்போது மார்பில் சிறிதாகக் கீறி, கையை உள்ளே விட்டு இதயத்துக்கு அருகே இரத்தக்குழாயை அறுத்துவிடுவார்கள். ஒரு சொட்டு இரத்தம்கூடத் தரையில் விழாது. இதை நான் நேரில் பார்த்தேன், கைத்தேர்ச்சி அசத்தியது. இந்த முறையை விட்டு வேறு முறையில் அறுக்கக் கூடாது என்று 1280-ல், அப்போது சீனாவை ஆண்ட குப்லாய் முஸ்லிம்களுக்குத் தடை போட்டு அவர்களைத் துன்புறுத்தினான். பாக்தாத்தின் கலீபாவைக் கம்பளத்தில் சுருட்டிக் குதிரைகளை ஏற்றிக் கொன்றதாக வழங்கும் செய்திக்குப் பின்னாலும், அரச இரத்தம் மண்ணில் சிந்தக் கூடாது என்ற இதே நம்பிக்கைதான்.

சரி, 1368-க்கு வருகிறேன். அந்த ஆண்டு சீனாவை இழந்தார்கள், உண்மை. சீனாவில் அடுத்து ஆட்சிக்கு வந்த மிங் வம்சத்தின் படைகள் 1380களில் காரகோரத்தையும் இடித்தன. ஆனால் புல்வெளியில் மங்கோலிய அரசு தொடர்ந்தது. எண்பது ஆண்டுகள் கழித்து, 1449-ல், மேற்கு மங்கோலியரான ஒயிராத்துகளின் தலைவன் எசென் மிங் பேரரசரையே துமு என்ற இடத்தில் உயிரோடு பிடித்தான். அந்தப் போருக்குத் தூண்டுதல் குதிரை வணிகத் தகராறு. மங்கோலியர் கொண்டுவந்த குதிரைகளுக்குச் சீன அரசு கேட்ட விலை தரவில்லை. மேய்ப்பனுக்கு இறைச்சியும் பாலும் தோலும் உண்டு. தானியமும் துணியும் தேயிலையும் இரும்புச் சட்டியும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். சந்தையை மூடினால் அவன் படையெடுப்பான். அல்தான் கான் 1550-ல் பெய்ஜிங் மதில் வரை வந்து கேட்டதும் குதிரைச் சந்தையைத் திறக்கத்தான். 1571-ல் சந்தைகள் முறையாகத் திறந்தன, சண்டை பெருமளவு அடங்கியது. பெருஞ்சுவர் கட்டிச் சாதிக்காததைச் சந்தை சாதித்தது.

இதே அல்தான் கான்தான் 1578-ல் திபெத்தின் சோனம் கியாட்சோவுக்கு தலாய் லாமா என்ற பட்டத்தைக் கொடுத்தவர். உலகம் முழுவதும் தெரிந்த அந்தப் பட்டம் ஒரு மங்கோலியத் தலைவர் கொடுத்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நான்காவது தலாய் லாமா மங்கோலியரே, அல்தான் கானின் கொள்ளுப்பேரன். காரகோரத்தின் இடிந்த கற்களை எடுத்து அதன் பக்கத்திலேயே எர்தேனே சூ மடத்தைக் கட்டினார்கள். 108 தூபிகள் சுற்றி நிற்கும் அதன் மதிலை நான் பார்த்தேன். மதிலுக்கு வெளியே ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. இப்படிப்பட்ட மக்களை மறைந்துபோனவர்கள் என்று எப்படி எழுதுவது?

மறையவில்லை, ஆனால் பிரிந்தார்கள். அதன் விலையைக் கொடுத்தார்கள். தென் மங்கோலியர் 1636-ல், பின்னாளில் சீனாவையே ஆண்ட மஞ்சுக்களிடம் பணிந்தார்கள். மேற்கே சுங்கர்களின் தலைவன் கல்தான் 1688-ல் நடு மங்கோலியாவுக்குள் புகுந்து தாக்க, அங்கிருந்த கல்கா பிரபுக்கள் தெற்கே ஓடி 1691-ல் மஞ்சுப் பேரரசர் காங்சியிடம் அடைக்கலமானார்கள். 1696-ல் காங்சி தானே கோபி பாலைவனத்தைத் தாண்டி வந்தார். கல்தான் தோற்று மறு ஆண்டு இறந்தான். 1750களில் சுங்கர் அரசு அழிக்கப்பட்டது. அந்த மக்களில் பெரும்பாலோர் வாளாலும் அம்மையாலும் மாண்டார்கள். ஒரு மக்கள் கூட்டமே ஏறத்தாழ இல்லாமல் ஆக்கப்பட்டது. மங்கோலியர் செய்த படுகொலைகளுக்கு உங்கள் கட்டுரையில் நான்கு பத்தி இருக்கிறது. மங்கோலியர்மேல் நடந்த இதற்கு ஒரு வரி கொடுத்திருக்க வேண்டும்.

வோல்கா ஆற்றங்கரையில் குடியேறியிருந்த தொர்குத் மங்கோலியரின் கதை இன்னும் துயரம். ரஷ்யப் பேரரசின் நெருக்கடி தாங்காமல் 1771 ஜனவரியில் பூர்வீக நிலத்துக்குத் திரும்பக் கிளம்பினார்கள். அந்தக் குளிர்காலத்தில் வோல்கா உறையவில்லை. மேற்குக் கரையில் இருந்தவர்களால் மந்தையோடு ஆற்றைக் கடக்க முடியவில்லை, அங்கேயே நின்றுவிட்டார்கள். கிளம்பியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பசியிலும் தாக்குதலிலும் தாகத்திலும் வழியில் இறந்தார்கள். மந்தைகள் அநேகமாக முழுவதும் போயின. நின்றவர்களின் வாரிசுகள்தான் இன்றைய கால்மிக்குகள். 1943 டிசம்பரில் ஸ்டாலின் அவர்கள் எல்லோரையும் ரயிலில் ஏற்றிச் சைபீரியாவுக்கு அனுப்பினான். பிழைத்தவர்களுக்கு 1957-ல்தான் ஊர் திரும்ப வழி பிறந்தது. ஐரோப்பாவுக்குள் பௌத்தம் வழிவழியாக வாழும் ஒரே பகுதி அவர்களுடைய கால்மிக்கியா.

மஞ்சு ஆட்சியில் மங்கோலியா சிறு சிறு நிர்வாகப் பிரிவுகளாக வெட்டப்பட்டது. தன் பிரிவின் எல்லையை விட்டு மேய்ப்பன் வெளியேறக் கூடாது. இதன் கடுமை கால்நடை வளர்ப்போருக்குத்தான் புரியும். ஒரு பக்கம் மழை பொய்த்தால் மந்தையை நூறு மைல் தள்ளி ஓட்டிப் போவதுதான் அந்த நிலத்தில் பிழைக்கும் வழி. அதைத் தடுத்தால் கடன் வாங்கித்தான் ஆக வேண்டும். சீன வணிகர்கள் தேயிலையும் துணியும் கடனாகக் கொடுத்து, வட்டிக்கு ஆடும் குதிரையும் ஓட்டிப் போனார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும்போது பிரபுக்கள் உட்பட எல்லோரும் கடனில் இருந்தார்கள்.

1911-ல் மஞ்சு ஆட்சி ஆட்டம் கண்டதும் மங்கோலியா விடுதலையை அறிவித்தது. மங்கோலிய பௌத்தத்தின் தலைமைத் துறவியான எட்டாவது ஜெப்சுந்தம்பா லாமா, போக்த் கான் என்ற பட்டத்தோடு அரியணை ஏறினார். 1919-ல் சீனப் படை திரும்ப வந்தது. 1921 பிப்ரவரியில் உங்கெர்ன் என்ற வெறிபிடித்த ரஷ்யப் பிரபு அதை விரட்டினான். அதே ஆண்டு ஜூலையில் சுக்பாதரின் புரட்சிப் படை சோவியத் செம்படையின் துணையோடு தலைநகருக்குள் வந்தது. 1924-ல் மக்கள் குடியரசு. தலைநகருக்கு உலான்பாட்டர் என்று புதுப்பெயர்.

அடுத்த இருபது ஆண்டுகள்தான் என் நண்பரால் நிதானமாகப் பேச முடியாத பகுதி. 1930 முதல் 1932 வரை ஆடு மாடுகளையெல்லாம் பறித்துப் பொதுவில் சேர்த்தார்கள். மந்தையை ஒப்படைப்பதைவிட வெட்டிவிடுவதே மேல் என்று மேய்ப்பர்கள் வெட்டினார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் நாட்டின் கால்நடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அழிந்தது. 1932-ல் மேற்குப் பகுதிகள் கலகத்தில் எழுந்தன. அரசு பின்வாங்கியது, ஆனால் ஸ்டாலின் பின்வாங்கவில்லை. லாமாக்களை ஒழிக்கச் சொன்ன நெருக்கடிக்கு இணங்காத பிரதமர் கெந்தன் 1937-ல் மாஸ்கோவில் சுடப்பட்டார். அவருக்குப் பின் வந்த பிரதமர் அமரும் 1941-ல் அங்கேயே கொல்லப்பட்டார். ஸ்டாலினின் கையாளான சோய்பல்சான் காலத்தில் 1937 தொடங்கி இரண்டே ஆண்டுகளில், ஏழெட்டு லட்சம் பேரே இருந்த நாட்டில் 20,000-த்துக்கும் அதிகமானோர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் லாமாக்கள். எழுநூறுக்கும் மேற்பட்ட மடங்கள் இடிபட்டன. என் நண்பரின் தாத்தாவின் அண்ணன் ஒரு மடத்தில் கால்நடைகளுக்கும் மனிதர்களுக்கும் மருந்து கொடுத்தவர். ஓர் இரவு அழைத்துப் போனார்கள், அவ்வளவுதான். குடும்பத்தில் அவர் பெயரை 1990 வரை சத்தமாகச் சொன்னதில்லையாம்.

1939-ல் கல்கின் கோல் ஆற்றங்கரையில் சோவியத், மங்கோலியப் படைகள் ஜப்பானைத் தோற்கடித்தன. அடுத்து வந்த உலகப் போரில் மங்கோலியா சோவியத்துக்கு ஐந்து லட்சம் அளவில் குதிரைகளை அனுப்பியது. செங்கிஸ் கான் காலத்துக்குப் பின் அதே வகைக் குட்டைக் குதிரைகள் மறுபடி ஐரோப்பாவுக்குள் போயின, இந்தத் தடவை பீரங்கியையும் மூட்டையையும் இழுத்துக்கொண்டு. 1945 அக்டோபர் 20-ல் விடுதலைக்கான பொதுவாக்கெடுப்பு. அதன்பின் சீனாவும் அங்கீகரித்தது. 1955-ல் இந்தியா தூதரக உறவு தொடங்கியது. சோவியத் அணிக்கு வெளியே அப்படிச் செய்த முதல் நாடு அதுவே. ஐநாவில் இடம் கிடைக்க 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

செங்கிஸ் கானை மட்டும் அந்நாட்டவர் கொண்டாட முடியவில்லை. 1962-ல் அவர் பிறந்து 800 ஆண்டு ஆனதையொட்டி அஞ்சல் தலை வெளியிட்டார்கள், அவர் பிறந்ததாகச் சொல்லப்படும் தாதல் பகுதியில் நினைவுக்கல் நட்டார்கள். மாஸ்கோவுக்கு அது பிடிக்கவில்லை. விழாவுக்குப் பொறுப்பாக இருந்த கட்சித் தலைவர் தோமோர் ஓச்சிரின் பதவி பறிபோனது. தங்கள் வரலாற்றின் முதல் மனிதரைப் பற்றித் தங்கள் மண்ணிலேயே பேச முடியாமல் ஒரு தலைமுறை வளர்ந்தது. குலப்பெயர்கள் 1920களிலேயே விலக்கப்பட்டிருந்தன. 1990களில் மீண்டும் சூட்டிக்கொள்ளச் சொன்னபோது பலருக்குத் தங்கள் குலம் எதுவென்றே நினைவில்லை. பெரும் எண்ணிக்கையில் செங்கிஸ் கானின் போர்ஜிகின் குலப்பெயரையே எடுத்துக்கொண்டார்கள். 1981-ல் விண்வெளிக்குப் போய்வந்த குர்ரக்சா, விண்வெளி என்ற பொருள் தரும் சொல்லையே தன் குலப்பெயராக்கிக்கொண்டார்.

1989 டிசம்பர் 10-ல் உலான்பாட்டரில் முதல் மக்களாட்சிக் கூட்டம் நடந்தது. சோரிக் என்ற இளம் ஆசிரியர் முன்னின்றார். 1990 மார்ச் 7-ல் சுக்பாதர் சதுக்கத்தில், நடுக்கும் குளிரில், பத்துப் பேர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். கூட்டத்தைக் கலைக்கும் உத்தரவில் கட்சித் தலைவர் பாட்மோங் கையெழுத்துப் போட மறுத்தார். இரண்டு நாளில் ஆட்சிக்குழுவே பதவி விலகியது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. சில மாதங்களுக்கு முன்புதான் தியானன்மென் சதுக்கத்தில் அத்தனை பேர் கொல்லப்பட்டிருந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த வாரங்களில் அங்கே இந்தியத் தூதராக இருந்தவர் லடாக்கைச் சேர்ந்த பௌத்தத் துறவி குஷோக் பகுலா ரின்போச்சே. பத்தாண்டுகள் அங்கே இருந்து, அழிந்த மடங்கள் மறுபடி உயிர்பெற உதவினார். அவர் பெயரைச் சொன்னால் முதியவர்கள் இன்றும் கைகூப்புகிறார்கள். சோரிக்கைத்தான் காப்பாற்ற முடியவில்லை. 1998 அக்டோபரில் அவரை வீட்டிலேயே குத்திக் கொன்றார்கள்.

1992 அரசியல் சட்டத்தில், கால்நடை தேசத்தின் செல்வம், அது அரசின் பாதுகாப்பில் இருக்கும் என்று ஒரு விதி இருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல முடியாது. ஆனால் நடந்தது வேறு. கம்யூனிச ஆட்சியில் பின்னர் அமைந்த கூட்டுறவுப் பண்ணைகள் கலைந்தபோது அவற்றோடு இருந்த கால்நடை மருத்துவ நிலையங்கள், குளிர்காலத் தீவனக் கிடங்குகள், கிணற்று இயந்திரங்கள் எல்லாம் சேர்ந்தே போயின. வேலை இழந்த நகரவாசிகளும் ஆடு வாங்கி மேய்க்க வந்தார்கள். வெள்ளாட்டின் மென்மையான உள்ரோமமான காஷ்மீருக்கு நல்ல விலை. 1990-ல் 50 லட்சமாக இருந்த வெள்ளாடுகள் முப்பது ஆண்டுகளுக்குள் ஐந்து மடங்குக்கு மேல் பெருகின. வெள்ளாடு புல்லை நுனியோடு விடாது, வேர்வரை கறம்பிவிடும். கோபி ஓரத்து நிலம் அதைத் தாங்கவில்லை.

இந்த நிலையில் ஜுட் வந்தது. கோடையில் வறட்சி, பின்னாலேயே கொடுங்குளிர்காலம். புல் போதாமல் இளைத்த கால்நடைகள் பனிக்கு அடியில் இருப்பதையும் தோண்ட முடியாமல் கூட்டம் கூட்டமாகச் சாவதைத்தான் அங்கே அப்படிச் சொல்கிறார்கள். பனி ஆழமாகப் பெய்தால் வெள்ளை ஜுட். பனியே பெய்யாமல் குடிக்க நீரில்லாது போனால் கறுப்பு ஜுட். இளகிய பனி மறுபடி உறைந்து தரை இரும்புபோல் இறுகினால் இரும்பு ஜுட். இந்தக் கடைசி வகையில் அந்தக் குதிரையின் குளம்புகூடத் தோற்றுவிடும். 1999 முதல் 2002 வரை தொடர்ந்து மூன்று குளிர்காலங்கள் ஜுட். 2009–10 குளிர்காலத்தில் மட்டும் சுமார் 1 கோடி கால்நடைகள் செத்தன. கிட்டத்தட்ட 9,000 குடும்பங்களுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. இறந்த உடல்களை அப்புறப்படுத்த ஐநா அமைப்பு கூலி கொடுத்து மேய்ப்பர்களையே அமர்த்தியது. தன் ஆட்டைத் தானே கூலிக்குப் புதைத்தவர்களை என் நண்பர் பார்த்திருக்கிறார். 2023–24 குளிர்காலத்தில் மறுபடி 70 லட்சத்துக்கு மேல்.

மந்தையை இழந்தவர்கள் கூடாரத்தை மடித்து உலான்பாட்டருக்கு வருகிறார்கள். நாட்டின் சுமார் 35 லட்சம் மக்களில் பாதிப் பேர் இன்று அந்த ஒரு நகரத்தில். குன்றுச் சரிவெல்லாம் வட்டக் கூடாரங்கள். கழிவுநீர்க் குழாய் இல்லை, வெப்பக் குழாய் இல்லை. குளிர்காலத்தில் நிலக்கரிதான். 2019-ல் பதப்படுத்தாத நிலக்கரியைத் தடை செய்தும் புகை முழுதாக ஓயவில்லை. நிலக்கரி ஏற்றுமதியில் வரும் பணம் எங்கே போகிறது என்று கேட்டு 2022 டிசம்பரில் இளைஞர்கள் அதே சதுக்கத்தில் உறைகுளிரில் நின்றார்கள். இரண்டு வல்லரசுகளுக்கு நடுவே, வேறு எல்லையே இல்லாமல், தேர்தல் நடத்தி ஆட்சியை மாற்றிக்கொண்டிருக்கும் நாடு அது.

எல்லைக்குத் தெற்கே, சீனாவின் உள் மங்கோலியாவில், மங்கோலியாவில் இருப்பதைவிட அதிகமான மங்கோலியர் வாழ்கிறார்கள். மேலிருந்து கீழாக எழுதும் பழைய எழுத்தைக் கைவிடாமல் காத்தவர்கள் அவர்கள். வடக்கே 1940களில் சிரிலிக் எழுத்துக்கு மாற்றப்பட்டார்கள். 2020-ல் உள் மங்கோலியப் பள்ளிகளில் சில பாடங்களைத் தாய்மொழியிலிருந்து சீனத்துக்கு மாற்றியபோது பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தார்கள். எதிர்ப்பு அடக்கப்பட்டது. வடக்கிலோ 2025 முதல் அரசு ஆவணங்களில் பழைய எழுத்தும் சேர்ந்து வரவேண்டும் என்று சட்டம். இந்த இரண்டு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

ஆசிரியர் அவர்களே, கேட்பது இரண்டுதான். மங்கோலியர் மறைந்துபோனார்கள் என்ற வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இடமிருந்தால் 1368-க்குப் பிந்தைய காலத்துக்கும் அதே அளவு ஒரு பக்கம் ஒதுக்கி, தகுந்த வரலாற்றாசிரியரை எழுதச் சொல்லுங்கள். அப்புறம், மங்கோலியாவில் ஜுட் என்று செய்தி நிறுவனங்கள் அனுப்பும்போது வெளிநாட்டுப் பக்கத்தில் நான்கு வரியாவது போடுங்கள். கடந்த முறை எந்தத் தமிழ் நாளிதழிலும் நான் அதைப் பார்க்கவில்லை.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்